பிளெயின் டி-ஷர்ட்: எடை, நூல், கழுத்து – வாசகியர் கேள்வி பதில்

படமோ எழுத்தோ இல்லாத சாதாரண டி-ஷர்ட்டில் குறையை மறைக்க எதுவும் இல்லை. நூல் சரியில்லை என்றால் நூலே காட்டிக் கொடுத்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே.

கேள்வி: கடையில் தொட்டுப் பார்க்கும்போது பட்டுப்போல் இருக்கிறது. நான்கைந்து முறை துவைத்ததும் சொரசொரவென்று ஆகி, மேலே குட்டிக் குட்டி உருண்டைகள் வந்துவிடுகின்றன. 'நூறு சதவீதம் காட்டன்' என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: கையில் பட்ட மென்மையை நம்பியதுதான் தவறு. புதுத் துணியின் வழவழப்பில் பெரும்பங்கு, கடைசிக் கட்டத்தில் ஏற்றப்படும் சிலிக்கோன் சாஃப்ட்னருடையது. சில சலவைகளில் அது கரைந்து போகும். அதற்குப் பிறகு நீங்கள் தொடுவதுதான் உண்மையான துணி.

'100 சதவீதம் காட்டன்' என்ற வரி, அது பருத்தி என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தத் தரத்துப் பருத்தி, எப்படி நூற்றது என்று சொல்வதில்லை. சாதாரணப் பருத்தியின் இழை ஏறத்தாழ 26 முதல் 29 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பிமா போன்ற மிக நீள இழைப் பருத்தி 34 மில்லிமீட்டரைத் தாண்டும். இழை குட்டையாக இருந்தால் அதன் முனை நூலுக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துவைக்கும்போதும் உடுத்தும்போதும் அந்த முனைகள் உரசி, ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகின்றன.

அதனால்தான் லேபிளில் 'கோம்டு' என்ற சொல்லைத் தேடச் சொல்கிறோம். நூற்பதற்கு முன் பஞ்சைச் சீப்பால் வாரி, குட்டை இழைகளை நீக்கிய நூல் அது. வாருவதில் 10 முதல் 20 சதவீதம் வரை பஞ்சு கழிவாகப் போய்விடும். கோம்டு நூலின் விலை கூடுவதற்கு அதுதான் காரணம். வாராத நூலுக்குக் 'கார்டட்' என்று பெயர். அடுத்து, நூற்ற முறை. 'ரிங் ஸ்பன்' நூல் மென்மையும் உறுதியும் உள்ளது. 'ஓப்பன் எண்ட்' நூல் சீராக இருக்கும், ஆனால் தொட்டால் வறட்சியாக இருக்கும், வலுவும் குறைவு. 'கோம்டு ரிங் ஸ்பன்' என்று இரண்டும் சேர்ந்து எழுதியிருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

லேபிளில் எதுவும் இல்லையா? துணியை ஒற்றையாக மடித்து, மடிப்பின் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் பூனைமுடி போல இழைகள் நிற்கிறதா என்று தெரியும். பிறகு உள்பக்கம் தையல் ஓரத்தில் கட்டைவிரலால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். அதற்குள்ளேயே பஞ்சு கிளம்பினால் அந்தத் துணி வேண்டாம். அகலவாக்கில் இழுத்துவிட்டால் இரண்டு மூன்று நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அலை அலையாக நின்றுவிட்டால், உடுத்தும்போது முழங்கை, மார்பு, வயிறு எல்லா இடத்திலும் அப்படித்தான் நிற்கும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணியிலும் உருண்டை வரும், ஆனால் அது வேறு விதம். பருத்தியில் வந்த உருண்டை நாளடைவில் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை அறுபடாது, உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உருண்டை எடுக்கும் சிறு மெஷினை மெதுவாக ஓட்டலாம். பிளேடால் சுரண்டினால் துணி ஓட்டையாகும்.

கேள்வி: 'ஜி.எஸ்.எம்.' என்று போடுகிறார்களே, எவ்வளவு இருந்தால் நல்லது? போடாத இடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். பிளெயின் டி-ஷர்ட்டுகள் பெரும்பாலும் சிங்கிள் ஜெர்சி என்ற பின்னலில் வருகின்றன. அதில் 120 முதல் 140 வரை மெல்லியது. உள்ளே போட்டு மேலே இன்னொன்று அணிய ஏற்றது. 150 முதல் 165 வரை வெயில் காலத்துக்கு நன்றாக இருக்கும், நிறம் அடர்த்தியானால் போதும். தனியாக அணிந்து, உருவம் தொங்காமல், உள்ளே இருப்பது தெரியாமல் இருக்க 170 முதல் 200 வரை போங்கள். 220-க்கு மேல் விறைப்பாக, நேராக விழும், உடலோடு ஒட்டாது.

பெண்களுக்கான டி-ஷர்ட்டுகளை மெல்லிய துணியில் தைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. ஒரே நிறுவனத்தின் ஆண்கள் பிரிவில் 180 இருக்க, பெண்கள் பிரிவில் 140 இருப்பது சாதாரணம். உடலோடு வளைந்து விழ வேண்டும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். வளைந்து விழுவதற்குத் துணியை மெலிதாக்க வேண்டியதில்லை, நூலை நன்றாக நூற்றால் போதும் என்பது எங்கள் கருத்து.

நூல் எண்ணும் சேர்த்துப் பாருங்கள். எண் கூடக் கூட நூல் மெல்லியது. 20-ஆம் நம்பர் நூல் தடிமன், 30-ஆம் நம்பர் நடுத்தரம், 40-ஆம் நம்பர் மெலிது. 30-ஆம் நம்பர் நூலில் சிங்கிள் ஜெர்சி பின்னினால் இயல்பாக 150 அளவில் வரும், 24-ஆம் நம்பரில் 180-ஐ ஒட்டி வரும்.

எண் போடாவிட்டால் வீட்டுத் தராசே போதும். கையில் இருக்கும், உங்களுக்குப் பிடித்த பழைய டி-ஷர்ட்டைக் காய்ந்த நிலையில் நிறுத்துப் பாருங்கள். அக்குளுக்கு அக்குள் 48 சென்டிமீட்டர் அகலமும் 64 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அரைக்கை டி-ஷர்ட்டில், முன்னும் பின்னும் கையும் சேர்த்து, கழுத்து வெட்டும் கை வெட்டும் கழித்தால், துணி ஏறத்தாழ 0.7 சதுர மீட்டர். அது 125 கிராம் இருந்தால் துணி 180 ஜி.எஸ்.எம். அளவில் என்று கொள்ளலாம். 98 கிராம்தான் என்றால் 140. ஆன்லைனில் வாங்கும்போது 'டி-ஷர்ட்டின் எடை எத்தனை கிராம்' என்று விற்பவரைக் கேட்டால், அழகான படங்களை விட அந்த ஒரு பதில் அதிகம் சொல்லும். அனுப்பும் பொட்டலத்தின் எடையைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளை டி-ஷர்ட்டில் உள்ளாடை தெரிகிறது. தடிமனாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்கு. வெள்ளைத் துணியில் வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளச் சாயம் இல்லை. அதனால் கருநீலத்தில் 150 போதும் என்றால், வெள்ளைக்கு 180-க்குக் குறைந்து போகாதீர்கள். கடையில் டி-ஷர்ட்டுக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, துணியை உடலில் கிடக்கும் அளவுக்கு லேசாக இழுத்துப் பாருங்கள். விரல் இடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தால் உடலிலும் தெரியும்.

இன்னொரு பாதி உள்ளாடையில் இருக்கிறது. வெள்ளைக்கு உள்ளே வெள்ளை அணிவதால்தான் பெரும்பாலும் தெரிகிறது. உங்கள் தோலின் நிறத்துக்கு நெருக்கமான, தையல் தடிப்பு இல்லாத உள்ளாடை அணிந்தால் விளிம்பு கண்ணில் படாது. பளீர் வெள்ளையை விடச் சாயமேற்றாத பருத்தியின் இயற்கை வெண்மை குறைவாகவே காட்டும்.

கேள்வி: கழுத்துப் பட்டி மூன்றே மாதத்தில் நெளிநெளியாகிவிடுகிறது. அதைத் தடுக்க முடியுமா?

பதில்: வாங்கும்போதே தடுக்கலாம்; வாங்கிய பிறகு தள்ளிப்போடலாம், அவ்வளவே.

கழுத்துப் பட்டி உடல் துணியிலேயே வெட்டியதா, தனி ரிப் துணியா என்று முதலில் பாருங்கள். ரிப் என்றால் நீள நீளமான மேடு பள்ளம் தெரியும், இழுத்தால் நன்றாக விரியும். அந்த ரிப்பில் 3 முதல் 5 சதவீதம் லைக்ரா கலந்திருந்தால்தான் விரிந்தது திரும்பிச் சுருங்கும். பட்டியின் நீளம் கழுத்து வெட்டின் சுற்றளவை விடக் குறைவாக, சுமார் 85 சதவீதம் இருக்கும்படி வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் பட்டி உள்நோக்கி அணைத்துக் கிடக்கும். நீளம் கூடினால் முதல் நாளே அலை தெரியும். டி-ஷர்ட்டைத் தட்டையாக மேசையில் பரப்புங்கள்: புதிதிலேயே பட்டி மேசையில் படியாமல் எழும்பி நின்றால், துவைத்தால் இன்னும் மோசமாகுமே தவிரச் சரியாகாது.

பிறகு உள்பக்கம் திருப்புங்கள். பின் கழுத்துத் தையலை மூடி, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா? தோள் தையலுக்குள் நீளாத நாடாவோ, மொபிலான் என்னும் ஒளி ஊடுருவும் பட்டையோ ஓடுகிறதா? இவை இரண்டும் இருந்தால் தோள் அகன்று, அதனோடு கழுத்தும் இழுபடுவது குறையும்.

வீட்டில் செய்ய வேண்டியது: தலைக்கு மேல் கழற்றும்போது கழுத்தைப் பிடித்து இழுக்காமல், கீழ் விளிம்பைப் பிடித்துக் கழற்றுங்கள். ஹேங்கரை மேலே கழுத்து வழியாகத் திணிக்காமல் கீழிருந்து நுழையுங்கள். ஈரமாக ஹேங்கரில் மாட்டவே வேண்டாம். தண்ணீரின் எடை முழுவதும் தோளில் இறங்கி, தோள்பட்டையில் கொம்பு முளைத்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி: பக்கவாட்டுத் தையல் துவைத்த பிறகு திருகிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறதே, ஏன்?

பதில்: நூலின் முறுக்கு அவிழப் பார்க்கிறது. சிங்கிள் ஜெர்சியில் வளையங்கள் ஒரே பக்கம் சாய்வதைத் தடுக்க எதிர்விசை இல்லை. சாயமேற்றிய பின் துணியை இழுத்து நேராக்கி, சூட்டில் அழுத்தி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் பட்டதும் அது தன் இயல்புக்குத் திரும்புகிறது. 60 சென்டிமீட்டர் நீளத்தில் 3 சென்டிமீட்டர் வரை நகர்வது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை. அதற்கு மேல் போனால் தயாரிப்புக் குறை.

துணியில் உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரியும். பக்கத் தையலுக்கு அருகே அந்தக் கோடுகளில் ஒன்றைப் பிடித்துக் கீழே வரை கண்ணால் தொடருங்கள். கோடு தையலோடு இணையாக இறங்க வேண்டும். தையலுக்குள் போய் மறைந்தால் வெட்டும்போதே கோணல். இரண்டு பக்கமும் வளையங்கள் சமமாக அமையும் இன்டர்லாக், ரிப் பின்னல்களில் இந்தத் திருகல் ஏறத்தாழ இல்லை. திருகிய டி-ஷர்ட்டை இஸ்திரியால் நேராக்கலாம், அடுத்த சலவை வரைக்கும்.

கேள்வி: எனக்கு மார்பளவு அதிகம், தோள் குறுகல். மார்புக்கு ஏற்ற சைஸ் எடுத்தால் தோள் தொங்குகிறது. தோளுக்கு எடுத்தால் முன்பக்கம் மேலேறி வயிறு தெரிகிறது. ஆண்கள் டி-ஷர்ட் வாங்கலாமா?

பதில்: முதலில் எஸ், எம், எல் எழுத்துகளை மறந்துவிடுங்கள், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அளவு. அளவு நாடாவால் மார்பின் மிக அகன்ற இடத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்துகொள்ளுங்கள். டி-ஷர்ட்டைத் தட்டையாகப் பரப்பி, அக்குளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் அளந்து இரட்டியுங்கள்.

உங்கள் மார்பளவு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லைக்ரா கலந்த, உடலோடு ஒட்டும் டி-ஷர்ட் 96 முதல் 100 வரை இருக்கலாம். முழுப் பருத்தியில் சாதாரணப் பொருத்தத்துக்கு 105 முதல் 108 வேண்டும். தளர்வாக வேண்டுமென்றால் 112-க்கு மேல். முழுப் பருத்தி என்றால் இதில் சுருக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்றாகப் பதப்படுத்திய துணியும் 5 சதவீதம் வரை சுருங்கலாம்; 64 சென்டிமீட்டர் நீளம் 61 ஆகிவிடும். அதிலும் நீளம் குறைந்து அகலம் அப்படியே நிற்கும், சிலவற்றில் அகலம் கூடவும் செய்யும். துவைத்த பின் டி-ஷர்ட் குட்டையாகி, சதுரப் பெட்டிபோல் ஆவது அதனால்தான்.

முன்பக்கம் மேலேறுவதற்குக் காரணம், மார்பைச் சுற்றி வரும் வளைவுக்குத் தேவையான கூடுதல் நீளம் டி-ஷர்ட்டில் இல்லை. பிளவுஸில் டார்ட் பிடித்து அந்த இடத்தைக் கொடுப்பார்கள். டி-ஷர்ட்டில் அது கிடையாது. ஆகவே மார்புக்கு ஏற்ற அளவை எடுங்கள், நீளம் 66 முதல் 68 உள்ளதாகத் தேடுங்கள். 5 சதவீதம் லைக்ரா கலந்த 180 ஜி.எஸ்.எம். துணி உங்களுக்குக் கைகொடுக்கும். வி கழுத்தோ, அகன்ற வட்டக் கழுத்தோ எடுத்தால் தோள் சரிவு அவ்வளவாகத் தெரியாது. தோளும் கையும் ஒரே சாய்வுத் தையலில் இணையும் ராக்லன் கை உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் 'தோள் தையல் இறங்கிவிட்டது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இடுப்பருகே மிச்சமான துணியைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஓவர்லாக் மெஷின் வேண்டும். சாதாரண நேர்த்தையல் போட்டால் துணி விரியும்போது நூல் படக்கென்று அறுந்துவிடும். ஓவர்லாக் இல்லாவிட்டால் குறுகிய ஜிக்ஜாக் தையல், பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி. தோளைக் குறைப்பது கையைப் பிரித்து வெட்டித் தைக்கும் பெரிய வேலை. பிளெயின் டி-ஷர்ட்டுக்கு அது தேவையில்லை.

ஆண்கள் டி-ஷர்ட்டில் துணி நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தோள் இன்னும் அகலம், கழுத்து உயரம், இடுப்புச் சுற்றில் நேர்வெட்டு. உங்கள் உடல்வாகுக்கு அது தோளில் தொங்கி, இடுப்பில் பிடிக்கும். தோள் அகன்றவர்களும் தளர்வாக அணிய விரும்புகிறவர்களும் தாராளமாக எடுக்கலாம். வாங்குமுன் கீழ் விளிம்பின் சுற்றளவை இடுப்பளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கேள்வி: கறுப்பு டி-ஷர்ட் சீக்கிரம் நரைத்துவிடுகிறது. முதல் தடவை உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: இல்லை. சாயத் தொட்டியில் உப்பு போடுவது சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்கு. பிடிக்க வைப்பது அதன் பிறகு சேர்க்கும், சோடா போன்ற காரப்பொருள். சாயம் ஏற்றி முடித்த துணிக்கு வீட்டில் உப்பு போடுவதால் ஒன்றும் நிற்காது.

நரைப்பதில் பாதி, சாயம் போவதே அல்ல. மேற்பரப்பு இழைகள் உரசலில் உடைந்து பஞ்சுபோல் கிளம்பி, வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரிகிறது. எனவே உரசலைக் குறையுங்கள்: உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள், ஜீன்ஸ், டவல் இவற்றோடு சேர்க்காதீர்கள், மெஷினை அடைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வெண்மையூட்டி சேர்த்த சோப்புத்தூள் கறுப்புக்கு ஆகாது. அந்த வெண்மையூட்டி கறுப்பின் மேல் சாம்பல் படலமாகத் தெரியும். காயவைப்பது நிழலில். வாங்கும்போது ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் பத்து முறை தேய்த்துப் பார்க்க விட்டார்களானால் பாருங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, கைக்குட்டை கறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தொப்புளுக்குக் கீழே, முன்பக்கம் மட்டும் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சியா?

பதில்: பூச்சி என்றால் அதே இடத்தில் மட்டும் கடிக்காது. ஜீன்ஸ் பட்டனும் பெல்ட் கொக்கியும் உள்ளிருந்து அழுத்த, சமையல் மேடை, மேசை விளிம்பு, கார் சீட் பெல்ட் வெளியிலிருந்து அழுத்த, நடுவே துணி நசுங்குகிறது. ஒரு வளையம் அறுந்தால் ஓட்டை. 140 ஜி.எஸ்.எம்.முக்குக் கீழே இது சீக்கிரம் வரும். தடிமன் கூட்டுங்கள், அல்லது முன்பக்கத்தை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். துவைக்கும்போது ஜிப், கொக்கி எல்லாவற்றையும் மூடிப் போடுங்கள்.

ஓட்டைகள் தையல் கோட்டை ஒட்டி வரிசையாக, முதல் சலவையிலேயே வந்தால் அது வேறு. தைத்த ஊசி மழுங்கியோ தடித்தோ இருந்து நூலையே அறுத்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அக்குளில் மஞ்சள் கறை. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகிறது.

பதில்: குளோரின் பிளீச் அப்படித்தான் செய்யும். வியர்வையை அடக்கும் பூச்சில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்ததே கறை. சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்சிஜன் பிளீச்சை 40 டிகிரி வெந்நீரில், பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வழக்கம்போல் துவையுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். கறை போகுமுன் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் இறுகிவிடும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

கேள்வி: 'ஆர்கானிக்', 'ஓகோ-டெக்ஸ்' முத்திரை இருந்தால் நீண்ட நாள் உழைக்குமா?

பதில்: அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது தீங்கான ரசாயனங்களுக்கான சோதனை. ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (GOTS) முத்திரைக்குக் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும். பதப்படுத்தும் முறைக்கும் விதிகள் உண்டு. இரண்டுமே தோலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் மதிக்க வேண்டியவை. ஆனால் ஆர்கானிக் பருத்தியையும் கார்டட் நூலாக்கி 120 ஜி.எஸ்.எம்.மில் பின்னலாம். மேலே சொன்ன சோதனைகளை அதிலும் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: ஒருவழியாகப் பிடித்த டி-ஷர்ட் கிடைத்தது. அதே மாதிரியில் ஆறு நிறங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒன்றை வாங்கி, துவைக்குமுன் நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு, மூன்று முறை துவைத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் 3 சென்டிமீட்டருக்கு மேல் குறையாமல், கழுத்து படிந்து, பக்கத் தையல் இடத்தில் நின்றால் மற்றவற்றை வாங்குங்கள். மூன்று முறை துவைக்கும் வரை திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிடும் என்பதால்தான் ஒன்று மட்டும் வாங்கச் சொல்கிறோம்.

நிறம் மாறினால் துணியும் மாறலாம். புள்ளி விழுந்த சாம்பல் நிறத்தில் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் விஸ்கோஸோ பாலியஸ்டரோ கலந்திருக்கும். கறுப்பும் வெள்ளையும் முழுப் பருத்தியாக இருக்க, இது மட்டும் வேறுவிதமாகச் சுருங்கும். ஒவ்வொரு நிறத்தின் லேபிளையும் தனித்தனியே படியுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வாங்கினாலும், பழையதோடு சேர்த்துத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அதே அளவில் 10 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் துணியை மாற்றிவிட்டார்கள்.